முற்றத்தில் மிளகாய், போத்தலில் சோஸ்

நலன்புரி முகாம்களில் இருந்த காலத்தை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நிவாரணப் பொதியில் அரிசி வந்தது, மா வந்தது, பருப்பு, சீனி, எண்ணெய் வந்தன. ஆனால் உறைப்புக்கு எங்கே போவது? பருப்பை அவித்து உப்புப் போட்டு இறக்கினால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். "அம்மா, ஒரு மிளகாயாவது போட்டிருக்கலாமே" என்று கேட்கும். அப்போது யாரோ ஒருத்தி, வெறும் பால்மா ரின்னில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, செத்தல் மிளகாயின் விதையைத் தூவிக் கூடாரத்தின் வாசலில் வைத்தாள். அதைப் பார்த்து அடுத்தவளும் வைத்தாள். திருகோணமலை மாவட்டத்தின் முகாம்களில் மட்டுமன்றி, எமது பெண்கள் இடம்பெயர்ந்து போன எல்லா இடங்களிலும் இந்த ரின் தோட்டங்கள் இருந்தன.

அந்த ரின்னில் இருந்து ஒரு சிறு தொழில் வரை போகலாமா என்பதே இக்கட்டுரையின் விடயம். போகலாம். ஆனால் அதற்குச் செடியையும் தெரிந்திருக்க வேண்டும், கணக்கையும் தெரிந்திருக்க வேண்டும், பாதுகாப்பையும் தெரிந்திருக்க வேண்டும்.

கப்பலில் வந்த காய்

மிளகாய் எமது நாட்டுச் செடி அல்ல என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கு சென்ற பின்னரே அது மற்றைய நாடுகளுக்குப் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்னர் எம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தார்கள். மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால்தான் மிளகாய் என்ற பெயரே வந்தது. கிழக்கில் நாம் சொல்லும் கொச்சிக்காய் என்ற பெயர், கொச்சித் துறைமுகத்தின் வழியாக வந்த காய் என்பதால் ஏற்பட்டது என்பர். ஆக, துறைமுகம் விட்டுத் துறைமுகம் வந்து, வேற்று மண்ணில் வேர் பிடித்த செடி இது.

வட பகுதி விவசாயிகளுக்கு இச்செடி ஒரு காலத்தில் பொற்காலத்தையே தந்தது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம் என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதி பெருகி விலை விழுந்தது. பின்னர் போர் வந்தது. இன்று நாம் வாங்கும் செத்தல் மிளகாயில் பெரும் பகுதி இந்தியாவிலிருந்தே வருகிறது. 2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது மிளகாயின் விலை எப்படி ஏறியது என்பதை எமது சமையலறைகள் நன்கு அறியும்.

அகதிப் பெண்ணும் ஆணும் அறிய வேண்டிய ஒரு கதை

டேவிட் ட்ரான் வியட்நாமில் பிறந்தவர், சீன வம்சாவளியினர். போர் முடிந்த பின்னர் அங்கு வாழ முடியாத நிலை ஏற்பட்டது. 1978 டிசம்பரில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் நெருக்கியடித்து ஏறிய ஒரு சரக்குக் கப்பலில் அவரும் ஏறினார். அந்தக் கப்பலின் பெயர் ஹுவே ஃபொங். ஹொங்கொங் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து அமெரிக்கா சென்று, 1980இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினார். வேலை கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது மிளகாய்ச் சோஸ் செய்வது. வியட்நாமில் குடும்பமாகச் செய்த தொழில் அது. கழித்துவிட்ட குழந்தை உணவுப் போத்தல்களைக் கழுவி, அவற்றில்தான் அங்கே சோஸை அடைத்து விற்றார்கள்.

அமெரிக்காவிலும் அதையே தொடங்கினார். தானே அரைத்து, தானே அடைத்து, தனது வானில் தானே கொண்டு சென்று கடைகளுக்குக் கொடுத்தார். நிறுவனத்துக்குத் தன்னைக் காப்பாற்றிய கப்பலின் பெயரையே வைத்தார். அவர் செய்த சோஸின் பெயர் ஸ்ரீராச்சா. அது தாய்லாந்திலுள்ள ஒரு கரையோர நகரத்தின் பெயர். இன்று அந்தப் பச்சை மூடிப் போத்தலை உலகெங்கும் அறிவார்கள்.

எம்மவர்களும் கப்பலிலும் படகிலும் போனவர்கள்தான். 2006இல் திருகோணமலையிலிருந்து எத்தனை குடும்பங்கள் மன்னார்க் கடலைத் தாண்டி இராமேஸ்வரம் போயின! ஆகவே இந்தக் கதை எமக்குத் தூரத்துக் கதை அல்ல. ஆனால் சகோதரிகளே, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோஸ் செய்தவர்கள் எல்லோரும் பெரும் செல்வர் ஆகிவிடவில்லை. டேவிட் ட்ரானிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது அவரது செல்வத்தை அல்ல. தெரிந்த தொழிலைக் கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கியதையும், கிடைத்த போத்தலைக் கழுவி எடுத்ததையும்தான்.

எந்த மிளகாய்?

எமது பகுதியில் கிடைக்கும் மிளகாயில் சில வகைகள் உண்டு. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எம்.ஐ. 2, எம்.ஐ. பச்சை போன்றவை பச்சை மிளகாய்க்கும் செத்தலுக்கும் பயிரிடப்படுகின்றன. இவற்றின் பழுத்த காய் நடுத்தர உறைப்புள்ள சோஸுக்கு நல்லது. மேல்நோக்கி நிற்கும் சின்னக் கொச்சி மிகவும் உறைப்பானது. உருண்டையாகச் சுருங்கிய நைமிரிஸ் அதைவிட உறைப்பும் ஒரு தனி மணமும் உடையது. இதில் ஒன்றிரண்டு காய் சேர்த்தாலே சோஸின் குணம் மாறிவிடும். கறிமிளகாயில் உறைப்பு மிகக் குறைவு.

கலப்பின விதையில் வளர்ந்த செடியின் விதையை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கக் கூடாது. அது தாய்ச் செடியைப் போல வராது. சாதாரண வகைகளில், நோயில்லாத நல்ல செடியில் நன்கு பழுத்த காயைத் தெரிந்து, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடிய போத்தலில் வைக்கலாம். அடுத்த முறை விதைக்குக் காசு தேவையில்லை.

மண், நீர், காலம்

எமது மாவட்டத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. நவம்பர், டிசம்பரில் பெய்யும் மழை மணல் நிலத்தின் பசளையைக் கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர் நிற்கும் இடத்தில் மிளகாய் வேரழுகிச் சாகும். ஆகவே வீட்டில் வளர்ப்பவர்கள் மழை குறையும் காலத்தில் நாற்றை நடுவது நல்லது. பையிலும் வாளியிலும் வளர்ப்பதானால் மழைக்கு இறப்பின் கீழ் நகர்த்தி வைக்கலாம்.

ஓட்டை வாளி, உரப்பை, உடைந்த குடம் எதுவும் உதவும். ஓரடி ஆழம் வேண்டும், அடியில் துளைகள் வேண்டும். மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணத்தைப் போட வேண்டாம், அதன் சூடு வேரைக் கெடுக்கும். கரையோரக் கிணறுகளில் உவர்த்தன்மை இருந்தால் இலையின் ஓரம் கருகும். அவ்வாறான இடங்களில் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள்.

மீள்குடியேறிய காணிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்தவர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளைக் காணக் கூடியதாக இருந்தது. இவ்வாறு பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த நிலத்தைப் புதிதாகக் கிண்டும்போது அவதானம் தேவை. இரும்புத் துண்டோ, இனந்தெரியாத பொருளோ கண்டால் தொட வேண்டாம், பிள்ளைகளை அப்பால் எடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மனம் சந்தேகப்பட்டால் பையில் நடுவதே மேல்.

நாற்றுமேடையின் மண்ணில் நோய்க்கிருமி இருந்தால் இளநாற்றுகள் அடியில் அழுகி விழும். விதைக்கு முன்னர் மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது எமது விவசாயிகள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை. விதை 7 முதல் 10 நாளில் முளைக்கும். நான்கு, ஐந்து கிழமை நாற்றைப் பிடுங்கி மாலை நேரத்தில் நடுங்கள். நட்டு ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் பச்சைக்காய் பறிக்கலாம். சோஸுக்குப் பழுத்துச் சிவந்த காய் வேண்டும், அதற்கு மேலும் இரண்டு, மூன்று கிழமை பொறுக்க வேண்டும். நன்றாகப் பார்த்தால் ஒரு செடி அதன் காலத்தில் அரைக் கிலோ வரை தரும். இருபது செடி இருந்தால் வீட்டுத் தேவை போக, சோஸுக்கும் மிஞ்சும்.

இலை சுருண்டால்

மிளகாய் வளர்த்தவர்களின் பெரிய கவலை இலைச் சுருளல். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. வெண்ணிற ஈ பரப்பும் வைரசினாலும் செடி குறுகிச் சுருளும், அதற்கு மருந்து இல்லை. அச்செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். "பாவம், இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும்" என்று விட்டால் மற்றவையும் போய்விடும்.

பூச்சிக்கு வேப்பம் விதை நல்ல மருந்து. 50 கிராம் உலர்ந்த வேப்பம் விதையை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். ஐந்து, ஆறு நாளுக்கொருமுறை செய்ய வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். ஒரே மண்ணில் இவற்றை மாறி மாறி நட வேண்டாம், இடையில் பயறோ கீரையோ போடுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உறைப்பு எங்கே இருக்கிறது?

விதையில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பிலேயே கப்சைசின் என்ற உறைப்புப் பொருள் அதிகம் உண்டு. உறைப்பைக் குறைக்க வேண்டுமானால் அந்த வெள்ளைப் பகுதியை வழித்து எடுங்கள். கப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் பாலின் கொழுப்பிலும் கரையும். ஆகவே வாய் எரிந்தால் தண்ணீரை விடத் தயிர் உதவும். கை எரிந்தால் முதலில் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, பின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பறவைகளுக்கு இந்த உறைப்புத் தெரியாது. அதனால்தான் வேலியோரத்தில் நாம் விதைக்காத கொச்சி தானாக முளைக்கிறது.

மிளகாயில் விற்றமின் சி நிறைய உண்டு. ஹங்கேரி நாட்டின் அல்பேர்ட் சென்ற்-ஜோர்ஜி என்ற விஞ்ஞானி 1930களில் அந்நாட்டுச் சிவப்பு மிளகாயிலிருந்துதான் இந்த விற்றமினைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமைக்கும்போது இச்சத்தில் ஒரு பகுதி அழியும். ஆகவே பச்சைச் சம்பலையும் கைவிட வேண்டாம்.

சோஸ் செய்யும் முறை

தேவையானவை: நன்கு பழுத்த சிவப்பு மிளகாய் 500 கிராம், உள்ளி 10 பல்லு, சிறு துண்டு இஞ்சி, உப்பு 20 கிராம், சீனி 50 கிராம், வினாகிரி 400 மில்லிலீற்றர்.

மிளகாயைக் கழுவி, நீர் வடிய விட்டுக் காம்பை நீக்குங்கள். அழுகல், புள்ளி உள்ளவற்றை எடுத்தெறியுங்கள். துண்டுகளாக்கி, உள்ளி, இஞ்சி, உப்பு, வினாகிரியுடன் சேர்த்து மூடி, 15 நிமிடம் மெல்லிய தீயில் அவியுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது மட்சட்டி நல்லது. ஆறியதும் அரைத்து, அரிதட்டில் வடித்து, சீனி சேர்த்து மீண்டும் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். போத்தல்களையும் மூடிகளையும் முன்னரே கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்திருக்க வேண்டும். சோஸ் சூடாக இருக்கும்போதே அடைத்து மூடுங்கள். ஏறத்தாழ நான்கு சிறு போத்தல் கிடைக்கும்.

இதைக் கெடாமல் காப்பது வினாகிரியின் புளிப்பே. அதைக் குறைத்துத் தண்ணீர் ஊற்றினாலோ, அளவு கூட்டுவதற்குப் பூசணிக்காயோ பப்பாசியோ சேர்த்தாலோ பாதுகாப்புப் போய்விடும். புளிப்புப் போதாத போத்தலில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு உண்டாகலாம். பி.எச். தாள் கிடைத்தால் சோதித்துப் பாருங்கள், 4க்குக் கீழே இருக்க வேண்டும். தென்னங்கள்ளு, பனங்கள்ளு வினாகிரி மணமாக இருக்கும், ஆனால் போத்தலில் உள்ள புளிப்பின் அளவைப் பார்த்து வாங்குங்கள். 4 வீதத்துக்குக் குறையக் கூடாது.

இன்னொரு முறை, உப்பில் புளிக்க வைப்பது. நறுக்கிய மிளகாய் ஒரு கிலோவுக்கு 30 கிராம் உப்புக் கலந்து, போத்தலில் இறுக்கி அமுக்கினால் சாறு மேலே வரும். மிளகாய் அந்தச் சாற்றுக்குள் அமிழ்ந்தே இருக்க வேண்டும். நிழலில் ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை வைத்துப் பின் வினாகிரி சேர்த்து அரைத்துக் கொதிக்க வையுங்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற ரபஸ்கோ சோஸும் இவ்வாறு உப்பில் புளிக்க வைத்த மிளகாயே. அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் தன் செல்வத்தை இழந்த ஒருவர், 1868இல் உப்புச் சுரங்கம் உள்ள ஒரு தீவில் அதைத் தொடங்கினார். பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் உப்புவெளிக்காரருக்கு இது புதுமையாக இராது!

புளிக்கும்போது வாயு உண்டாகும். நான் முதன்முறை செய்தபோது மூடியை இறுக்கித் திருகி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் இரவு போத்தல் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு வீட்டில் இருந்த எல்லோரும் நிலத்தில் படுத்துவிட்டோம். போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. பிறகு எழுந்து, சிவந்து வழிந்த சுவரைப் பார்த்துச் சிரித்தோம், என் மாமி மட்டும் சிரிக்கவில்லை. ஆகவே மூடியைத் தளர்வாக வையுங்கள், தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள். பூஞ்சணம் பிடித்தால், மேலே வழித்துவிட்டு எடுக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

உங்களையும் அயலையும் காப்பாற்றுங்கள்

கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். காற்றோட்டமான வெளி அடுப்பில் அவியுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும், இழுப்பு நோய் உள்ளவர்களும் அரைக்கும், அவிக்கும் வேலையில் நிற்க வேண்டாம். அயலாரையும் நினையுங்கள். 2013இல் டேவிட் ட்ரானின் தொழிற்சாலை நெடியால் கண் எரிகிறது என்று அயல்வாசிகள் முறையிட, நகரசபை வழக்கே போட்டது. எமது நெருக்கமான வளவுகளில் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினால் உறவு கெடாது.

இன்னொன்று. மிளகாய் நெடி சிலருக்குப் பழைய கொடிய நினைவுகளைக் கிளறும். உங்கள் குழுவில் ஒருத்தி, "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று ஒதுங்கினால் காரணம் கேட்காதீர்கள். போத்தல் கழுவுதல், லேபல் ஒட்டுதல், கணக்கு எழுதுதல் என்று அவளுக்கும் ஒரு வேலை இருக்கட்டும். பங்கும் சமமாக இருக்கட்டும்.

கணக்கு

முதலில் வீட்டுக்குச் செய்யுங்கள். பிறகு பத்துப் போத்தல் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக் குறை கேளுங்கள். விற்பதானால் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டறியுங்கள். லேபலில் பொருளின் பெயர், சேர்ந்தவை, நிறை, தயாரித்த திகதி, முடியும் திகதி, விலாசம், விலை என்பன இருக்க வேண்டும். திறந்த போத்தலைக் குளிரில் வைக்கும்படியும் எழுதுங்கள்.

விலை வைக்கும்போது மிளகாய் வீட்டில் விளைந்தது என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். வினாகிரி, போத்தல், விறகு, பஸ் காசு எல்லாவற்றோடும் செடிக்கு ஊற்றிய தண்ணீரின் உழைப்பையும், அடுப்படியில் நின்ற நேரத்தையும் எழுதுங்கள். எமது உழைப்புக்கு நாமே விலை போடாவிட்டால் கடைக்காரர் போட மாட்டார்.

முக்கியமாக, இத்தொழிலைக் கடன் எடுத்துத் தொடங்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வீட்டுப் படலையில் வந்து நிற்கும் நுண்கடன் எத்தனை சகோதரிகளின் நிம்மதியைக் குலைத்தது என்பதை அறிவோம். மிளகாய்ச் செடி மூன்று மாதம் கழித்தே காய் தரும். கடன்காரர் அடுத்த கிழமையே வருவார். ஐந்து வாளி, ஒரு பிடி விதை, நான்கு போத்தல், இவற்றோடு தொடங்குங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்தால், ஒருத்தியின் செடி நோயில் போனாலும் மற்றவளின் செடி கைகொடுக்கும். பெரிய கம்பனிகளுக்கே 2022இல் மிளகாய்த் தட்டுப்பாடு வந்து சோஸ் நின்றது. எல்லா மிளகாயையும் ஒரே கையில் நம்பியிருக்கக் கூடாது.

சகோதரிகளே, ஒரு போத்தல் சோஸ் எமது இழப்புகளை ஈடுசெய்யாது. அப்படிச் சொல்வது பொய். ஆனால் மாத முடிவில் பிள்ளையின் கொப்பிக்கு, பஸ்ஸுக்கு, ஒரு போத்தல் மருந்துக்கு யாரிடமும் கையேந்தாத காசு ஒன்று எமது சேலை முடிச்சில் இருப்பது சிறிய காரியம் அல்ல. முகாம் வாசலில் பால்மா ரின்னில் விதை தூவிய அந்தப் பெண் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினாள். இந்த மழை குறைந்ததும் நாமும் ஒரு வாளியை நிரப்புவோம்.